கோபுரத்துக்கு இன்னும் நூறு படி

ஹெட்செட்டிலிருந்து கோபிசந்தனத்தைத் துடைத்து எடுப்பதுதான் சிரமம், மேடம். விபூதி உதறினால் போய்விடும். குங்குமம் ஈரத்துணிக்கு அடங்கும். கோபிசந்தனம் மட்டும் நெற்றி படுகிற ஸ்பாஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்னும். ஆறு வருடமாக மைசூர் அக்ரஹாரத்து ஆய்வுக்கூடத்தில் என் வேலை இதுதான். ஹெட்செட்டைத் துடைப்பது, வருகிறவர்கள் தலையில் மாட்டுவது, அவர்கள் கழற்றும்வரை கணினி முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது. இந்தச் சுப்ரமணியன் மேல் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.

ஷ்ரேயா மேடம் உருவாக்கிய மலையில் முந்நூறு படிதான் இருக்கிறது, பரத்வாஜ் மட்டும் எப்படி நாலாயிரத்து நூற்றிருபத்தாறு படி ஏறினார் என்று உங்கள் நெறிமுறைக் குழு கேட்டிருக்கிறது. நியாயமான கேள்வி. மறைக்க ஒன்றுமில்லை.

மேல்கோட்டை நரசிம்மர் மலையை ஏற முடியாத வயதானவர்களுக்காக ஷ்ரேயா செய்த ஆராய்ச்சி அது. ஹெட்செட்டை மாட்டினால் கண்ணுக்கு முன்னால் மலை, படி, குரங்கு, உச்சியில் கோபுரம். காலுக்கடியில் மேலும் கீழும் போகிற இரண்டு பலகைகள். இடுப்பில் பெல்ட், விழ முடியாது. எத்தனை நிமிடம் தலை சுற்றாமல் ஒருவர் ஏறுகிறார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் எலுமிச்சம்பழம் கேட்பார்கள். இருபது நிமிடம் ஆனால் நாமே நிறுத்திவிட வேண்டும் என்பது விதி.

பரத்வாஜ் என் சகலை. என் மனைவியின் அக்கா கணவர். ஐம்பத்துமூன்று வயது. வருடம் தவறாமல் மேல்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் மலையை நிற்காமல் ஏறிவிட்டு வருவார். ஏறுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அதைச் சொல்வதற்குத்தான் வருடம் முழுவதும் ஆகும்.

என் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று நான் ஒரு கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். ஏழாவது படியில் கொஞ்சம் உட்கார்ந்தேன். அறுபது பேர் பந்தியில் இருந்தார்கள்.

"என்னப்பா சுப்பு, ஏழு படிக்கே ஆயித்தா? நான் மேல்கோட்டையை ஒரே மூச்சுல ஏறறேன், கொத்தா, தெரியுமோ?" என்றார் பரத்வாஜ். பந்தி சிரித்தது. பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவியும் சிரித்தாள். "அத்திம்பேரைப் பாத்துக் கத்துக்கோங்கோ" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சு என்றால் எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் வந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவனுக்கு அது இயல்புதானே?

ஷ்ரேயா பெங்களூருக்குப் போன ஒரு வியாழக்கிழமை அவரை அழைத்தேன். குளித்துவிட்டு, வெறும் வயிற்றில் வந்தார். தரிசனம் ஆகாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாராம். பலகையில் ஏறியதும் குனிந்து முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கே காற்றுதான் இருந்தது.

"சுப்பு, ஒண்ணு சொல்லிட்டேன். ஏற ஆரம்பிச்சா தரிசனம் பண்ணாம பாதியில திரும்பப்படாது. நீ பாட்டுக்கு நடுவுல கழட்டிடாதே."

"சரி அண்ணா" என்றேன். வாக்குக் கொடுத்தால் மீறுகிற பழக்கம் எனக்கில்லை.

கணினியில் ஒரு கட்டம் இருக்கிறது. படிகள் என்று போட்டு, எதிரில் முந்நூறு. ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றலாம். இருநூற்றுத்தொண்ணூறாவது படியில், "கோபுரம் வந்துடுத்துப்பா" என்றார். நானூறு என்று மாற்றினேன். கோபுரம் மரியாதையாகப் பின்வாங்கியது.

"என்ன சுப்பு, கோபுரம் பின்னாடி போறாப்பல இருக்கே?"

"மேகம் நகருது அண்ணா. அப்படித்தான் தெரியும்."

விதிப்படி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். கால் வலிக்கிறதா என்று கேட்கச் சொல்லி விதியில் இல்லை. ஐந்நூறு, எழுநூறு, ஆயிரம் என்று சிறிது சிறிதாகத்தான் கூட்டினேன். இருபதாவது நிமிடம் வந்தபோது நிறுத்த நினைத்தேன். ஆனால் வாக்குக் கொடுத்திருந்தேனே.

அவர் வேகம் குறைகிறாற்போல் தெரிந்தபோது பசம்மாவை விட்டேன். எண்பது வயதுக் கிழவி, தலையில் வாழைப்பழக் கூடை. முந்தைய வாரமே வரைந்து வைத்திருந்தேன். "ஸ்வல்ப தாரி பிடி சாமி" என்று வழி கேட்டுக்கொண்டு அவரைத் தாண்டி ஓடுவாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி கீழேயிருந்து வந்து தாண்டுவாள். ஒவ்வொரு தடவையும் பரத்வாஜ் வேகம் கூட்டினார். அவர் உற்சாகம் குறையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு எனக்குப் பசித்தது. போய் செட் தோசை சாப்பிட்டுவிட்டு, தேவராஜ மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வந்தேன். பொறுப்பில்லாமல் போகவில்லை. ஐயாயிரம் என்று போட்டுவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் பேசுவதை நிறுத்தியிருந்தார். கால் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றேகால் மணிக்குக் கரண்ட் போய்விட்டது. நாலாயிரத்து நூற்றிருபத்தாறு. ஹெட்செட்டைக் கழற்றினேன். "தரிசனம்?" என்றார். "நடை சாத்திட்டாங்க அண்ணா" என்றேன். நான்கு நாள் அவர் படுக்கையில் இருந்தார். ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஷ்ரேயா அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டார். இரண்டே முக்கால் மணி நேரம், தலைசுற்றல் இல்லை, வாந்தி இல்லை. பக்தி இருந்தால் தலை சுற்றாது என்று கட்டுரை எழுத ஆரம்பித்தார். மைசூர் மெய்நிகர் (வி.ஆர்.) ஆர்வலர் குழுவின் மாத மடலில் முதல் பக்கத்தில் பரத்வாஜின் படம் வந்தது. குழு கூடி அவருக்குச் சால்வை போட்டு மைசூர்த் தலைப்பாகை கட்டியது. இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "நாலாயிரம் படி. வேணும்னா சுப்புவைக் கேளுங்கோ" என்கிறார். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் தலையாட்ட வேண்டியிருக்கிறது. என் மனைவி அந்த மடலைக் கத்தரித்து எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். பால் எடுக்கப் போனால் அவர் சிரிக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது தாங்கவில்லை.

என் வாக்குமூலத்தால் ஷ்ரேயாவின் இரண்டு வருட உழைப்பு குப்பைக்குப் போகும் என்று தெரியும். பாவம், வெளியே பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறார். விஞ்ஞானத்தில் உண்மைதான் முக்கியம் என்று அவருக்குப் புரியும். படிகளைக் கூட்டியது நான். இருபது நிமிட விதியை மீறியது நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அடுத்த வாரம் உங்கள் முன்னிலையில் அவரை மறுபடி ஏறச் சொல்லப் போவதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கும் அது தெரியும். ஒருமுறை ஏறிப் பழகிக்கொள்கிறேன் என்று இன்று காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார், வெறும் வயிற்றில். பெரியவர் கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பெல்ட்டை நன்றாக இறுக்கி, ஹெட்செட்டை மாட்டி, கட்டத்தில் பத்தாயிரம் என்று போட்டு, ஏற்றிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு நேராக இங்கே வந்து உங்கள் அழைப்புக்காகக் காத்திருந்தேன். இப்போது மணி ஒன்றரை.

எதற்கு எல்லாரும் எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள், மேடம். சாவி என்னிடம்தான் இருக்கிறது. பாதியில் நிறுத்தினால் அவர் மிகவும் வருத்தப்படுவார், அவர் மனம் நோகும்படி இத்தனை வருடத்தில் நான் எதுவும் செய்ததில்லை.