கேட்காமல் போட்ட டிக்

"நான் யாரையும் அனுப்பலைங்கறேன்ல, நீ பாட்டுக்கு..."

"அனுப்பாமத்தான் சுருளியாண்டி மகன் போன் போட்டு தேங்ஸ் சொல்றானாக்கும்? நோட்டுல ஒரு வார்த்த எழுதிட்டு அனுப்புனா என்னக்கா..."

"யாரப்பா அனுப்புவேன்? அந்தப் பக்கத்து நர்ஸம்மா பிரசவ லீவுல போயி ரெண்டு மாசமாச்சு. ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப அங்கன போனது யாரு?"

செல்லப்பாண்டி சுகிர்தத்திடம் கேட்ட கேள்வி அது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் ராஜமணியின் நாத்தனார் சுகிர்தத்துக்கு நடந்தது இது. ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகல், மணி இரண்டு. கடமலைக்குண்டு போகிற ரோட்டில் அந்த நேரத்துக்கு ஆடு மேய்க்கிறவன்கூட இருக்க மாட்டான்.

இரண்டாயிரத்து ஏழு, தை மாதம். தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய உதவி போன் அங்கேதான் இருந்தது. இரண்டு மேஜை, ஒரு போன், நீளமாக ஒரு நோட்டு. சுகிர்தமும் செல்லப்பாண்டியும் மாறி மாறி எடுப்பார்கள். காச நோய் மாத்திரை தீர்ந்துபோச்சு, முதியோர் பென்ஷன் நின்றுபோச்சு, புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான்... எது வந்தாலும் பேரையும் ஊரையும் எழுதிக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த ஆபீஸ், எந்த நர்ஸ் என்று பார்த்துச் சேர்த்துவிட வேண்டும். மூன்றாம் நாள் திரும்பக் கூப்பிட்டு, ஆள் வந்தார்களா என்று கேட்க வேண்டும். வந்தார்கள் என்று காதால் கேட்ட பிறகுதான் அந்த வரிக்கு நேரே டிக்.

சுகிர்தம் கேட்காமலே டிக் போட்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் இல்லை. நாலே நாலு.

அவள் மனசு அங்கே இல்லை, அதுதான் காரணம். மகள் தேவயானிக்கு எட்டாம் மாதம். ஆறாம் மாதத்திலிருந்தே பிரஷர் ஏறிக் கிடக்கிறது, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருமகனுக்குத் திருப்பூரில் வேலை. வீரபாண்டி வீட்டில் பகல் முழுக்க அந்தப் பெண் ஒற்றையாக. அஞ்சு மணி ஆனால் போதும், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள் சுகிர்தம். ஓடுகிற ஓட்டத்தில் பேனா தானாக இழுத்த டிக் அந்த நாலும். செல்லப்பாண்டிக்குத் தெரியாது.

கடமலைக்குண்டு ரோட்டோரத்து வீட்டிலிருந்து கூப்பிட்ட சுருளியாண்டி மகன் போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னானாம். வந்த அம்மாவுக்கு வயசு அறுபதுக்கு மேலே. கையில் பை இல்லை, காலில் செருப்பு இல்லை. தண்ணீர் கொடுத்ததற்கு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டது. நேரே போய் அய்யாவின் தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டது.

"எங்கய்யாவ விட அவுகளுக்குத்தான் இளைப்பு சாஸ்திங்க. நெஞ்சுக்குள்ள குருவிக்குஞ்சு கத்துறாப்புல ஒரு சத்தம்."

எழுந்து போன பிறகு அறையெல்லாம் ஒரு வாசம்... ஈர இலவம்பஞ்சு. நனைந்த மெத்தையை வெயிலில் போடாமல் விட்டால் வருமே, அது. மழையே இல்லாத தை மாதத்தில்.

அன்றைக்கு ராத்திரி சுருளியாண்டி போய்ச் சேர்ந்தார். சீக்காளி மனிதர்தானே என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் லோயர் கேம்ப் என்கிற ஊரிலிருந்து ராக்கப்பன் என்று ஒரு பெரியவர் கூப்பிட்டார். போனை எடுத்தது சுகிர்தம். ஆள் வந்தது, ரெண்டு மணி வாக்கில். பொழுது சாய, படுக்கையில் கிடந்த அவர் சம்சாரம் இறந்துபோனாள். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"போகையில கால்வாக் கரை மேல மேக்க நடந்தாக. அங்கிட்டு வீடே கெடையாதே தாயி... எங்க போனாக?"

சுகிர்தம் போனை வைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். சுருளியாண்டி, அவளுடைய டிக். ராக்கப்பன் சம்சாரம், அவளுடைய டிக். ரெண்டுமே கேட்காமல் போட்டது. அதற்கும் மேலே, நாலில் முதலாவது... மொக்கம்மாள். கடமலைக்குண்டு தாண்டி ஒரு களத்து வீடு. தனிக்கட்டை. இளைப்பு.

ஞாபகம் வந்தது. நர்ஸம்மா லீவு என்று தெரியாமல், நாளைக்கு ரெண்டு மணிக்கு ஆள் வருவாக, வீட்டுலயே இருங்க என்று சொல்லியிருந்தாள். லீவு என்று தெரிந்த பிறகு வேறு ஊர் நர்ஸைக் கேட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் செல்லப்பாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வைவான் என்று பார்த்தாள். அவன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு மொக்கம்மாள் வீட்டைத் தேடி இறங்கிப் போய்விட்டான். ரெண்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கையில் காயின் போனிலிருந்து கூப்பிட்டான். குரலே அவன் குரலாக இல்லை.

"அக்கா... மொக்கம்மா செத்து ரெண்டு மாசமாச்சாம். கார்த்திக அடமழையில. ஆள் வரும், ஆள் வரும்னு மூணு நாளு வாசப்படியிலயே உக்காந்திருந்துச்சாம். பக்கத்துக் காட்டுக்காரவுக கூப்பிட்டதுக்குக்கூடப் போகலையாம். அப்புறம் பாத்தா மெத்தையில... கூரை ஒழுகி, மெத்தையெல்லாம் ஊறி..."

காசு விழுகிற சத்தம். லைன் அறுந்தது.

இன்னும் ஒரு டிக் பாக்கி. அதைப் பார்க்க அவளுக்கு நோட்டு வேண்டியதில்லை. போன வாரம் அவளே எழுதியது. கர்ப்பிணி, பிரஷர் பார்க்க வீட்டுக்கு ஆள் தேவை, வீரபாண்டி. மூன்றாம் நாள் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நம் வீட்டுக்கு ஆள் வந்தார்களா என்று நாமே நம் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பதா, வெட்கக்கேடு என்று சிரித்துக்கொண்டே போட்ட டிக்.

சுவரில் மணி ரெண்டு அடிக்க ரெண்டு நிமிஷம். விரல் வழுக்கி முதல் தடவை நம்பர் தப்பாகப் போனது. திரும்பப் போட்டாள். மணி அடிக்கிறது... அடிக்கிறது... மகள் எடுக்கவில்லை. கீழே பஸ் ஸ்டாண்டில் கம்பம், கம்பம் என்று கத்துகிறவன் குரல்கூட அடங்கிப்போன மாதிரி இருந்தது. ஒன்பதாவது மணியில் எடுத்தாள்.

"தேவயானி, கதவத் தெறக்காத. யாரு வந்து தட்டுனாலும் தெறக்காத. எங்க ஆபீஸுன்னு சொன்னாலும்..."

"என்னம்மா நீ, இப்பத்தான தெறந்து விட்டேன். வெயில்ல நடந்தே வந்தாகளாம், பாவம். கையப் பிடிச்சுப் பாத்துக்கிட்டிருக்காக."

சுகிர்தம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் யாரோ மெதுவாக என்னவோ சொல்வதும், தேவயானி 'ம்... ம்...' என்று கேட்டுக்கொள்வதும் காதில் விழுந்தது. பிறகு மகள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அம்மா... ஒங்கிட்ட ஒரு வார்த்த பேசணுமாம். போனக் குடுக்கவா?"