சற்று அசௌகரியம்

சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், இன்று முதல் இவ்வில்லத்தில் 'சாப்பாடு' என்ற சொல் ஓய்வு பெறுகிறது. இனி அது உணவு என அழைக்கப்படும். 'தேத்தண்ணி' தேநீராகப் பதவி உயர்வு பெறுகிறது.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் பதுளை நகருக்குக் குடிவந்த வாரத்தில், வாடகை வீட்டின் முன்னறையில் எழுந்து நின்று நான் விடுத்த அறிவித்தல் இது. சபையில் இருந்தவர் ஒருவர்தான். என் மனைவி இராக்கம்மா. தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"சரிங்க. அந்த உணவுக்கு உப்பு போட்டாச்சா இல்லையான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

நான் நல்லவன் என்று இங்கே நிறுவப்போவதில்லை. கேட்கக் கேட்க உங்களுக்கே விளங்கும். பசார் வீதியில் ஸலீம் நானாவின் துணிக்கடை மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறேன். 'அன்றாடப் பேச்சில் உயர்சொல்' என்று பெயர். கல்யாண வீடுகளுக்கும் பரிசளிப்பு விழாக்களுக்கும் அறிவிப்பாளன். தினமும் காலையில் என் மாணவர்களின் கைப்பேசிகளுக்கு 'இன்றைய சொல்' போய்ச் சேரும். எல்ல என்ற ஊரில் ஹோட்டல் வேலை செய்யும் அழகர் என்ற மாணவர், லீவு கேட்கப் போனபோது "எனது பிரசன்னமின்மையைப் பொறுத்தருள்க" என்றாராம். லீவு கிடைக்கவில்லை. ஆனால் மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாராம். கல்வியின் பயன் என்று நான் சொல்வது இதைத்தான்.

எனக்கு இந்தப் பித்து எங்கே பிடித்தது என்று கேட்பீர்கள். இளவயதில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். "உங்கள் பாடசாலை அதிபர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்கள். "போயிட்டு வாடான்னு சொன்னாகங்க" என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க முயன்றார்கள். அதுதான் தாங்கமுடியாதது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, இனி என் வாயிலிருந்து தோட்டத்து லயன் வீடுகளின் பேச்சு, அந்த லயத்துப் பேச்சு, வராது என்று முடிவு செய்தேன். என் வீட்டார் வாயிலிருந்தும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே வீட்டார் என்றால் இராக்கம்மாதான். அந்தப் பெயரையும் மேடைகளுக்கு ஒவ்வாது என்று இராகமாலா ஆக்கினேன். கடைசிவரை அந்தப் பெயருக்கு அவள் இரண்டாம் அழைப்பில்தான் திரும்பினாள்.

வீட்டுக்கு ஒரு விதி வைத்திருந்தேன். அடித்தது கிடையாது, ஏசியது கிடையாது. லயத்துப் பேச்சில் எது கேட்டாலும் பதில் சொல்வதில்லை, அவ்வளவுதான். சுட்டுவிரலை உயர்த்துவேன். மறுபடி முயற்சி செய் என்று பொருள். அவள் கதவு நிலையில் நின்று, கண்ணை மூடி, உதட்டை அசைத்துச் சொல்லைத் தேடுவாள். கிடைத்ததும் விரலை இறக்குவேன். ஓர் ஆசிரியனுக்கு அந்த முகத்தைப் பார்ப்பதில் ஒரு நிறைவு உண்டு. மறைக்கமாட்டேன்.

ஒருநாள் சந்தையில் மரக்கறிக்காரரிடம், "கத்தரிக்காயில் புத்துணர்வு குன்றியிருக்கிறதே" என்றாள். அவர் என்னைப் பார்த்து, "அக்காவுக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். வீட்டுக்கு வரும்வரை அவள் தலை நிமிரவில்லை. நான் பெருமையோடு நடந்தேன்.

பிறகு பேச்சு குறைந்தது. கேட்க வேண்டிய பலவற்றைக் கேட்காமலே விட்டுவிட்டாள். மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் சட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். முதிர்ச்சி என்று நினைத்தேன். ஆனால் பக்கத்து வீட்டு ஸித்தி ஸுபைதா தாத்தாவோடு (முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள்) பின்மதிலில் சாய்ந்துகொண்டு கொட்டித் தீர்ப்பாள். மடுல்சீமைக் கதைகள், கொழுந்து மலையில் அட்டை கடித்த கதைகள். இருவரும் சிரிப்பது தெருமுனை வரை கேட்கும். நான் கேட்டைத் திறக்கும் சத்தத்தில் அது நின்றுவிடும்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் வகுப்பின் ஆண்டு விழா. முன்னறையில் நின்று என் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை தூறியது. இராக்கம்மா கதவு நிலையில் வந்து நின்றாள்.

"என்னாங்க, நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்குங்க."

உரையை நிறுத்தாமல் விரலை உயர்த்தினேன்.

"எடது கையெல்லாம் மரத்துப் போவுது. வெளையாடாதீங்க."

விரல் அங்கேயே நின்றது. ஒரு நாள் தளர்த்தினால் ஒன்பது வருட உழைப்பும் போய்விடும் என்பது ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. அந்தக் குளிரில். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது.

"எனக்கு," என்றாள். மூச்சு வாங்கினாள். "எனக்கு... சற்று அசௌகரியமாக இருக்கிறது."

உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. 'சற்று' நான் சொல்லிக்கொடுத்தது அல்ல, அவளாகச் சேர்த்தது. விரலை இறக்கினேன்.

"மிக நன்று," என்றேன். "ஓய்வெடு."

"நன்றி," என்றாள்.

உள்ளே போனாள். நான் உரையை முடித்தேன். முடிவுப் பகுதி திருப்தி தராததால் இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தேன். பிறகு தேநீர் கேட்கப் போனேன்.

பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இராகமாலா என்று கூப்பிட்டேன். இரண்டாம் தடவையும் கூப்பிட்டேன்.

எங்கள் பின்வாசலில் நின்றால் பெரியாஸ்பத்திரியின் கூரை தெரியும். ஸுபைதா தாத்தாவின் மகன் ஸனூஸின் ஆட்டோ அன்று முழுவதும் கேட்டடியில் சும்மா நின்றது. இவற்றையும் சொல்லிவிடுவது நியாயம்.

தாத்தாதான் முதலில் ஓடிவந்தார். அவளுடைய பாதங்களைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "தம்பி, இவ உங்களுக்கு ஒண்டும் செல்லல்லையா?" என்று கேட்டார்.

"சற்று அசௌகரியமாக இருப்பதாகக் கூறினார்."

தாத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவவா? இப்பிடியா சென்ன?"

மடுல்சீமையிலிருந்து அவளுடைய அக்காமார் வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் இரங்கலுக்குத் தகுந்த வார்த்தைகளை ஆயத்தம் செய்துகொண்டுதான் பெட்டியின் அருகில் போனேன். "ஏ புள்ள, எந்திரி புள்ள" என்றுதான் வந்தது. இராக்கம்மா, இராக்கம்மா என்று கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன்.

திடீர் மரண விசாரணை அதிகாரி நல்ல மனிதர். "கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அவள் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தேன். "இப்படிச் சொன்னா யாருக்குத்தான் விளங்கும்? நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று தோளைத் தட்டினார். மாரடைப்பு என்று முடிந்தது. ஸலீம் நானாவும் அதையே சொன்னார்: "அந்தப் புள்ள வாயத் தொறந்து செல்லியிருந்தா நீங்க தூக்கிட்டு ஓடியிருப்பீங்க தானே." மாணவர்களும் அதையே சொன்னார்கள், சற்று உயர்ந்த நடையில்.

நானும் அதைப் பற்றிக்கொண்டேன். அவள் வலி என்று சொல்லவில்லை. உயிர் போகிறது என்று சொல்லவில்லை. சற்று அசௌகரியம் என்றாள், ஓய்வெடு என்றேன். அந்த இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தானே சொல்வார்கள். நல்ல வாதம். எங்கு சொன்னாலும் எடுபடுகிறது. இரண்டு வாரம் கழித்து வகுப்பையும் தொடங்கிவிட்டேன்.

வீட்டில் மட்டும் அது எடுபடவில்லை. கதவு நிலை இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அங்கே யாரும் எதையும் தேடிக்கொண்டு நிற்பதில்லை. பதில் சொல்ல நான் காத்திருக்கிறேன். எந்தப் பேச்சில் கேட்டாலும் சொல்வேன்.

நீங்கள் விசாரணை அதிகாரி அல்ல, ஆகவே மீதியையும் சொல்லிவிடலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் அவர் கேட்டார். முதலில் சொன்னதை யாரும் கேட்கவில்லை. நானும் லயத்தில் பிறந்தவன். நெஞ்ச அடைக்குது என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அவள் முதல் தடவை சொன்னபோதே எனக்கு விளங்கியது.