பேய் மறந்த வசனம்

அவையை ஆளும் மேயர் அம்மையார் அவர்களே! தலை நரைத்தும் குறும்பு நரைக்காத ஆற்றங்கரைப் பெரியோர்களே! செண்டுமல்லியும் தமால் பலகாரப் பொட்டலமும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! ‘ஈரக் கதவு’ நாவலை இரண்டாம் முறை படமாய் எடுத்து, எங்கள் வெராக்ரூஸ் மண்ணுக்கே கொண்டுவந்திருக்கும் இளம் இயக்குநர் லியாந்த்ரோ அவர்களே! உங்கள் எல்லோரையும் வணங்கி, ரெஃபூகியோ பேசுகிறேன். சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். யார் அங்கே சிரிப்பது?

நாவல் தந்தது நடுக்கம். பழைய படம் தந்தது பாசம். புதிய படம் தந்திருப்பது பல்! ஆம், பேயின் வாயில் எத்தனை பல்! பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்தேன். அது மேயர் அம்மாவின் கை. மன்னியுங்கள் அம்மா.

நாவலில் என்ன? வெள்ளத்தில் போன மனைவி, செத்தவர்கள் வீடு தேடி வரும் கல்லறைத் திருநாளன்று திரும்பி வந்து, “கதவத் தெற, குளிருது” என்கிறாள். புதிய படத்திலும் அதே வசனம், எழுத்துப் பிசகாமல். பழைய படத்தில்?

அதில் பேயாக நடித்தவள் யார்? தலைநகரத்துத் தாரகையா? இல்லை, நம் மீன்சந்தை ஒதிலியா! அவள் வாய்க்கு அஞ்சாதவர் சந்தையில் உண்டா? அந்த ஒதிலியாவே கேமராவைக் கண்டதும் வசனத்தை மறந்து திருதிருவென்று விழித்தாள். எதிரே படப்பிடிப்பு விளக்கைப் பிடித்து நின்றவர் அவள் கணவர் எர்மினியோ. காலையிலிருந்து பட்டினி. அவரைப் பார்த்துக் கேட்டாள்:

“சாப்ட்டியாய்யா?”

ஏணிமேல் நின்று மழை ஊற்றிக்கொண்டிருந்த என் கையிலிருந்து வாளி நழுவியது. செத்தவள் வந்து கேட்கிற கேள்வியா இது? ஆனால் இதைவிடப் பயங்கரம் உண்டா? இதைவிடப் பாசம்தான் உண்டா? பழைய இயக்குநர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். நாவலாசிரியர் முதலில் கோபத்தில் குதித்தார். படத்தைப் பார்த்ததும், அத்தனை பக்கம் எழுதியும் தனக்கு இது தோன்றவில்லையே என்று அழுதார்.

ஒதிலியா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் குரல் மிஞ்சியிருப்பது அந்தப் படத்தில் மட்டும். ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளில் நம் கொட்டகையில் அதைப் போடுவோம். திரையில் அவள் கேட்பாள், முன்வரிசையிலிருந்து எர்மினியோ பதில் சொல்வார்: “இன்னும் இல்ல புள்ள. நீ வா.” முதல் வருடம் சிரித்தோம். பிறகு அந்தப் பதிலுக்காகவே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம்.

இப்போது புதுப்படக் கம்பெனி பழைய படத்தையும் விலைக்கு வாங்கிவிட்டது. இனி எங்கும் போடக் கூடாதாம்! தம்பி லியாந்த்ரோ, உங்கள் பேய் உலகமெல்லாம் உலவட்டும். எங்கள் பேயை எங்களிடம் விட்டுவிடுங்கள்! ஆண்டுக்கு ஒருநாள்! ஒரே ஒருநாள்! கேட்பது அதிகமா?

பொறுங்கள், கை தட்டாதீர்கள், தம்பி என் காதில் ஏதோ சொல்கிறார். கேளுங்கள் மக்களே! திருநாள் நமதாம்! கம்பெனியிடம் எழுதி வாங்கித் தருவது அவர் பொறுப்பாம்!

எர்மினியோ அண்ணே, ஏன் எழுந்துவிட்டீர்கள்? நன்றி சொல்லவா? உரக்கச் சொல்லுங்கள்.

“அந்தத் தம்பி காலையிலேருந்து பேட்டி குடுத்துக்கிட்டே இருக்கு. சாப்ட்டுச்சான்னு கேளு.”

கேட்டுவிட்டேன் அண்ணே, இல்லையென்று தலையாட்டுகிறார். தாய்மார்களே, பொட்டலத்தைப் பிரியுங்கள். வந்தவர்களுக்கும், வரமுடியாமல் போன ஒருத்திக்கும் நன்றி, வணக்கம்.