நடுக் கிராதி

ஆடிக் காற்றில் பெயின்ட் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். காயும்தான், ஆனால் தூசியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆவணி பிறந்துவிட்டால் காற்று கொஞ்சம் அடங்கும். கறுப்பு பெயின்ட் கண்ணாடி மாதிரி உட்காரும். திருமங்கலத்து வீட்டு மாடிக் கம்பிக்கு நான் ஆவணியில்தான் பெயின்ட் அடித்தேன். இப்போது போய்ப் பார்த்தாலும், மிச்சமிருக்கும் இரண்டு கிராதிகளில் ஒரு தூசித் தடம் இருக்காது.

என் பெயர் உக்கிரபாண்டி. அவனியாபுரத்தில் முப்பத்தொரு வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டேன், ஐயா. புத்தகம் படிக்கிற பழக்கம் உண்டு. பிழை அதிகம் இருக்காது.

என் மனைவி இறந்தபோது மகள் நாகஜோதிக்கு ஏழு வயது. அதன்பிறகு நானும் அவளும்தான். திருமங்கலத்தில் செல்போன் கடை வைத்திருந்த அழகுபாண்டிக்கு அவளைக் கட்டிக் கொடுத்தேன். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். அவன்மேல் அந்த வகையில் எனக்குக் குறை இல்லை. தவசி என்று ஒரு பேரன் பிறந்தான். பிறகு சொந்தமாக வீடு கட்டினார்கள். மாடியில் முன்பக்கம் பன்னிரண்டு அடிக்குத் திறந்தவெளி விட்டிருந்தார்கள், மாலையில் உட்கார்ந்து காற்று வாங்க.

அதற்குக் கம்பி என் சீர் என்று சொல்லிவிட்டேன். இரும்புச் சட்டத்துக்குள் கம்பிகளை அடைத்து மூன்று கிராதிகள் செய்தேன். நேர்கம்பிகளுக்கு நடுவில் நான்கு விரல் இடைவெளிக்கு மேல் விடவில்லை. பிள்ளையின் தலை நுழையக் கூடாது.

தை மாதம் புதுமனை புகுவிழா. பெண் வீட்டார் சீர் கொண்டுவந்தால் மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு மேளத்தோடு வந்து, மாலை போட்டு அழைத்துப்போவது எங்கள் பக்கத்து முறை. கிராதிகளை லோடு ஆட்டோவில் ஏற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, தெருமுனையில் போய் நின்றேன். யாரும் வரவில்லை. ஹோமத்துக்கு நேரம் தவறுகிறது என்று எல்லாரும் உள்ளே இருந்திருக்கிறார்கள். கால்மணி நேரம் நின்றேன். டீக்கடையில் இருந்தவர்கள் என்னையும் ஆட்டோவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.

மறுநாள் அழகுபாண்டி போனில் பேசினான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ஐயரு பாதியில எந்திரிக்க விடல. நீங்க வீட்டுக்கு வந்திருக்கலாம்ல, நம்ம வீடுதான?"

"முறையா வந்து தட்டு வச்சுக் கூப்பிடுங்க மாப்ள. வாரேன்."

"வாரேன் மாமா. கடையில இப்ப ஆளில்ல. ரொம்ப நாளாகும்னா இங்கிட்டு ஒரு ஆள விட்டு மாட்டிக்கிறவா?"

"மாட்டிக்கங்க. என் மக வீட்டுல அடுத்தவன் செஞ்ச கம்பி நின்னா நான் அந்தப் படி ஏற மாட்டேன். அம்புட்டுத்தான்."

அவன் வேறு ஆள் வைக்கத் தயாராகத்தான் இருந்தான். நாகஜோதிதான் விடவில்லை. அப்பா மனம் நோகும் என்று சொல்லியிருக்கிறாள். அவள் வளர்ப்பு அப்படி. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நைலான் கயிற்றை இரண்டு வரிசையாகக் கட்டி வைத்திருந்தாள். இதைப் பங்குனியில் அவளே சொன்னாள்.

"அப்பா, தவசி நடக்க ஆரம்பிச்சுட்டான். மாடிக் கதவப் பூட்டியே வச்சிருக்கேன். துணி காயப்போடத்தான் தொறக்குறேன். நீங்க ரெண்டு பேரும் வீம்பு பிடிச்சா நான் எங்கிட்டுப் போறது?"

"நான் என்னத்தா வீம்பு பிடிச்சேன்? உன் புருசன வரச் சொல்லு."

"நீங்க வந்தா கொறஞ்சா போயிருவீங்க?"

அவள் சிரித்துவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டு வைத்துவிட்டாள். கிராதிகள் பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றன. தை முதல் ஆடி வரை தினமும் காலையில் பட்டறையைத் திறக்கும்போது முதலில் கண்ணில் படுவது அவைதான். வேலை சுத்தமாக இருக்கிறது என்று எனக்குத் திருப்தியாக இருக்கும்.

ஆடி ஆறாம் தேதி காற்று போர்வையைக் கொடியிலிருந்து பிடுங்கியிருக்கிறது. அவள் எட்டிப் பிடித்திருக்கிறாள். கயிறு நெகிழ்ந்து கொடுத்திருக்கிறது. கீழே சிமென்ட் தளம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நான் நிதானமாக யோசித்தேன். முப்பது நாளும் அதையேதான் யோசித்தேன். ஒரு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் மறுநாளே கம்பி நின்றிருக்கும். என் மகள் இருந்திருப்பாள். வராதவன் யார்? அதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அழகுபாண்டி பட்டறைக்கு வந்தான். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம். தாடி வளர்ந்திருந்தது.

"மாமா, முறையாவே வந்திருக்கேன். புள்ளைக்காகவாச்சும் மாட்டிக் குடுங்க."

தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "வாரேன் மாப்ள" என்றேன்.

எங்கள் வேலை எப்படி என்று சொல்கிறேன். கிராதியை இரும்புத் தூண்களுக்கு நடுவில் நிறுத்தி, முதலில் நான்கு மூலையிலும் அரிசி அளவுக்குப் புள்ளி வைத்துப் பிடிப்போம். ரசமட்டம் பார்த்துச் சரியாக இருந்தால்தான் சுற்றி முழுதாகப் பற்றவைப்போம். புள்ளி, வேலை முடியும்வரை நிற்பதற்குத்தான். ஆள் சாய்வதற்கு இல்லை. இரண்டு ஓரக் கிராதிகளையும் முழுதாகப் பற்றவைத்தேன். நடுவில் இருந்ததற்குப் புள்ளியோடு நிறுத்திக்கொண்டேன். அந்தப் புள்ளிகளையும் பாதிவரை தேய்த்தேன். பிறகு பள்ளம் மறைய மக்கு பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்தேன். மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கே தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அழகுபாண்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையிலிருந்து வந்ததும் எதிலாவது முதுகைச் சாய்த்து, முழுப் பாரத்தையும் போட்டுப் போன் பேசுவான். பழைய வாடகை வீட்டிலும் மாடிக் கம்பியில் நடுவில்தான் நிற்பான்.

பிள்ளையைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. வேலை முடிந்ததும் தவசியைத் தூக்கி நடுக் கிராதியின் கீழ்ச் சட்டத்தில் நிறுத்தி, மேல் குழாயைப் பிடிக்க வைத்துப் பார்த்தேன். பதினோரு கிலோ இருப்பான். பிடித்துக்கொண்டு குதித்தான். தாங்கியது. அவனுடைய அப்பத்தா மலையம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தாண்ணே எனக்கு வயித்துல இருந்த பயம் எறங்குச்சு. தாத்தா செஞ்ச கம்பிடா, நல்லா ஏறிக் குதிடா" என்றாள். எனக்கு மோர் கொடுத்தாள். குடித்தேன்.

பதினேழு நாள் தாங்கியது. புரட்டாசி முதல் வாரம், சாயங்காலம் ஆறரை மணி. போன் பேசிக்கொண்டே சாய்ந்தவன் கிராதியோடு கீழே விழுந்திருக்கிறான். பிள்ளை அப்போது உள்ளே இருந்தான். தகப்பன் இடுப்பில் இருந்திருக்கவும் கூடும். அதை நான் அன்று யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

நான்தான் முதல் ஆளாகப் பிடிபடுவேன் என்று எதிர்பார்த்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. மலையம்மாள் துக்க வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வேணும்னா செஞ்சீங்க? மகளப் பறிகொடுத்த கையிண்ணே, அது நடுங்காம என்ன செய்யும்?" என்றாள். நீங்களும் கவனக்குறைவு என்றுதான் எழுதினீர்கள். ஜாமீனில் வீட்டுக்குப் போனேன்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. போன வாரம் டீக்கடையில் முத்துப்பாண்டி, என்னிடம் வேலை கற்றுக்கொண்டவன், நான் நிற்பது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"பெருசுக்குக் கண்ணு மங்கிருச்சுப்பா. வெல்டிங் பிடிக்க மாட்டேங்குது. பாவம், மருமகனயே காவு குடுத்துருச்சு. இனி அங்கிட்டு யாரும் வேலை குடுத்துறாதீங்க."

இரண்டு இரவு படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. மகள் போனபோதுகூட எப்படியோ தூங்கியிருக்கிறேன். அதனால்தான் நானாக வந்தேன்.

அழகுபாண்டியை நான்தான் கொன்றேன். தெரிந்தே செய்தேன். எந்தத் தண்டனை என்றாலும் சரி. முன்பு கவனக்குறைவு என்று எழுதியதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. முப்பத்தொரு வருடத்தில் நான் பற்றவைத்தது எதுவும் விட்டதில்லை.