இரண்டு விரல் ஆழம்

கோட்-டெ-நெய்ஜ் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவரின் மடியில் தபாலுக்குப் போகும் பொதி ஒன்று.

"துவக்கு வைக்கிறதுக்குப் பொக்கற் இன்னும் இரண்டு விரல் ஆழம் வேணுமாம்" என்றார் அவர். துப்பாக்கிப் பேச்சு என்றதும் நான் கைபேசியில் பாட்டை நிறுத்தினேன்.

"ஆருக்கக்கா துவக்கு?"

"டெக்சாஸ் தம்பிக்கு. அவன் நிக்கிற பெற்றோல் கடைக்கு இரண்டுதரம் கள்ளர் வந்திட்டாங்கள். இப்ப எந்த நேரமும் ஒண்டைக் கொண்டு திரியப்போறானாம்."

"அங்கை விடுவினமோ?"

"ஓம். இரண்டு பார்த்து வைச்சவன். ஒண்டுக்குத் தவறி வெடிக்காமல் இருக்கப் பூட்டு இருக்கு, ஆனா தடிப்பு. மற்றது உள்ளங்கை அளவு, பூட்டில்லை."

"பூட்டு உள்ளதை எடுக்கச் சொல்லுங்கோவன்."

"சொன்னனான். அது வெளியிலை துருத்துமாம். சனிக்கிழமை சின்னனைத்தான் வாங்கப்போறான். போன மாதம் இஞ்சை வந்தவன், நாலு காற்சட்டையைத் தந்து வலப்பக்கப் பொக்கற்றைப் பெருப்பிக்கச் சொல்லிப்போட்டுப் போனவன்."

"பெருப்பிச்சிட்டீங்களோ?"

மூத்தவர் பொதியின் விலாசத்தை மறுபடியும் வாசித்துப் பார்த்தார்.

"அவன் வேலையாலை வந்தவுடனை மகள் ஓடிவந்து கைவிடுறது அந்தப் பொக்கற்றுக்குள்ளைதான். அவளுக்கு இனிப்பு ரொபி இருக்கும். நாலு வயசுப் பிள்ளை."

இளையவர் பொதியைத் தொட்டுப் பார்த்தார்.

"நாலு பொக்கற்றின்ரை வாயையும் தைச்சு மூடிட்டன்."

"அவர் வெட்டிப்போட மாட்டாரோ அக்கா?"

"வெட்டுவான். இரட்டை நூலாலை தைச்சிருக்கிறன். வெட்டி முடியுமட்டும் யோசிக்கட்டும்."