நட்சத்திரம் தெரிந்த விடியல்

விடியற்காலை நாலு மணி... சிலி நாட்டில், அந்தோஃபகாஸ்தா துறைமுகத்துக்கு இறங்கும் பாலைவனச் சாலை. ஏப்ரல் மாதம், நிலா இல்லை. நம் லாரிக்காரன் எவாரிஸ்தோவின் மச்சான் ரோகேவுக்கு நடந்தது இது. சிரிக்கிறவன் இந்த லாரிக்காரர் கொட்டகைக்கு வெளியே போய் நின்று சிரிக்கட்டும்.

ரேடியேட்டர் கொதித்து ரோகேவின் வண்டி நின்றுவிட்டது. சாலையோரம், தாகத்தில் செத்த ஒருத்திக்குக் கட்டிய குட்டிக் கோயில். போகிறவர்கள் எல்லாம் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போவோமே, அதுதான். இந்தக் கஞ்சப்பயல் தன் குடிதண்ணீரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவள் தண்ணீரை எடுத்து ரேடியேட்டரில் ஊற்றினான். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அப்புறமும் வண்டி கிளம்பவில்லை. அணைந்த மெழுகுவர்த்தி வாசனை... பிறகு கதவில், டொக். டொக். எலும்பு தகரத்தில் படுகிற சத்தம்.

பின்னால் வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்த எவாரிஸ்தோவை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான்.

“மச்சான், யாரோ கதவத் தட்டுறாங்க. தண்ணி கேக்குறாங்க.”

“அடப்பாவி, அவ தண்ணியிலயா கைய வச்ச? விடியிற வரைக்கும் திறக்காத. விடிஞ்சா போயிடுவா.”

தட்டுவது நின்றது. ஒரு மணி நேரம் கழித்து வயர்லெஸ்ஸில் ரோகேவின் சிரிப்பு வந்தது.

“தப்பிச்சேன் மச்சான்! கிழக்க வெளுத்துருச்சு. இறங்கி எஞ்சினப் பாக்குறேன்.”

எவாரிஸ்தோவும் கிழக்கே பார்த்தான். வெளிச்சம் இருந்தது. ஆனால் அடியில் அகன்று, மேலே கூம்பி, இடப்பக்கம் சாய்ந்து நின்றது. சிவப்பு துளிகூட இல்லை. அதற்குள்ளேயே நட்சத்திரங்கள் மின்னின. சூரியனைச் சுற்றி மிதக்கிற தூசியில் பட்டு வருகிற வெளிச்சம் அது. நிஜ விடியலுக்கு முன்னால் வந்து ஆளை ஏமாற்றும்.

“டேய், அது பொய் வெளிச்சம்! நட்சத்திரம் தெரியுது பாரு! திறக்காத!”

வயர்லெஸ்ஸில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மடக் மடக்கென்று யாரோ குடிக்கிற சத்தம்... அது நிற்கவே இல்லை.

எவாரிஸ்தோ போய்ச் சேர்ந்தபோது வண்டியில் ஆள் இல்லை. ரேடியேட்டர் காய்ந்து கிடந்தது.

இன்றும் ஏப்ரலில், அந்த நேரத்தில், வயர்லெஸ்ஸில் ரோகேவின் வறண்ட குரல் வரும். “மச்சான்... விடிஞ்சிருச்சா?” நாங்கள் யாரும் பதில் சொல்வதில்லை.

நேற்று ஒருவன் பதில் சொல்லிவிட்டான். அவன் இங்கேயே, நம் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

“ஏன்டா நெஸ்டர், தலையக் குனியிற? புதுசா வந்தவன் நீ ஒருத்தன்தான். ‘ஆமா, விடிஞ்சிருச்சு, வா’ன்னு சொன்னது நீதானே?”

அழாதே. கதவுப் பக்கம் யாரும் போக வேண்டாம். இந்த மெழுகு வாசனை... எனக்கும்தான் வருகிறது.