பிஸ்கட் டப்பாவில் பச்சைக்கல்

தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடு, அரிஹியா. டப்பாவில் பிஸ்கட் இருக்கிறது. உன் அப்பா ஹோஹெப்பா இதைத்தான் நனைத்து நனைத்துப் பாதியைக் கோப்பைக்குள்ளேயே விட்டுவிடுவார்.

நம் மாவோரிப் பள்ளியில் பிள்ளைகள் சண்டை போட்டால் வட்டமாக உட்காரவைத்துப் பேசவைப்பது இருபது வருடமாக என் வேலை. உங்கள் குலத்தார் கொடுத்த பச்சைக்கல் யார் கையில் இருக்கிறதோ, அவர் மட்டும் பேசலாம். என்ன நடந்தது, யார் மனம் நொந்தது, எப்படிச் சரிசெய்யலாம் என்று கேட்பேன். ஏன் செய்தாய் என்று மட்டும் கேட்கமாட்டேன். ஏன் என்றதுமே ஆள் மனக்கதவைச் சாத்திக்கொள்வான்.

பள்ளியைப் பெருக்கிப் பூட்டுகிற உன் அப்பாவை அண்ணனாகத்தான் நினைத்திருந்தேன். மே மாதம் ஒருநாள் ஆசிரியர் அறைக்குக் கேக் கொண்டுபோனேன். உள்ளே அவர் குரல்.

"தங்கச்சி நல்லாத்தான் கேக்குறா. ஆனா பதிலைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டில்ல கேக்குறா!"

எல்லோரும் சிரித்தார்கள். தட்டோடு திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரம் கல் காணாமல் போனது. அதை வைக்கும் அலமாரியின் சாவி எனக்கும் உன் அப்பாவுக்கும் மட்டும்தான் இருந்தது. வட்டத்தைக் கூட்டினேன். கல்லுக்குப் பதிலாக மரக்கரண்டி.

"கரண்டி இருக்கு, சூப்பு எங்க?" என்றார் உன் அப்பா.

"கல்லை எடுத்துட்டுப் போனப்ப மனசுல என்ன ஓடுச்சு, அண்ணா?"

"நான் எடுக்கலையே தங்கச்சி."

"ஞாபகம் வரலேன்னா பரவாயில்ல. அன்னிக்கு ஆத்துக்குப் போனீங்கல்ல?"

"விலாங்குப் பொறி பாக்கப் போனேன்."

"குனிஞ்சப்ப சட்டைப்பையில ஏதாச்சும் கனமா இருந்துச்சா?"

அப்போதே அவருக்கு மறதி தொடங்கியிருந்தது, உனக்கும் தெரியும். கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருந்திருக்கும்போல," என்றார். பிறகு அழுதார்.

"எப்படிச் சரிசெய்யலாம்னு நினைக்கிறீங்க?"

"தேடி எடுத்துக் குடுத்துடறேன்."

ஆற்றில் இறங்கு என்று நான் சொல்லவில்லை, கண்ணு. கேள்விதான் கேட்டேன். நம்மூரில் மே கடைசியிலேயே குளிர்காலம்தானே. வங்கனூயி ஆற்றில் எட்டு நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று துழாவினார். போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். கையசைப்பார். ஒன்பதாம் நாள் பாலத்துக்குக் கீழே அவரைக் கண்டெடுத்தார்கள்.

பிஸ்கட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார். காகிதத்தில் சுற்றியிருக்கிறது.

ஆமாம். அதேதான்.

நீ வந்ததிலிருந்து ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை. நான் பழக்கிய பிள்ளைதானே. யார் மனம் நொந்தது என்று கேட்டாய். இத்தனை மாதத்தில் யாரும் அதைக் கேட்கவே இல்லை.

கல்லை இப்படிக் கொடு, நான்தானே பேசவேண்டும்.

என் மனம்தான், அரிஹியா.